1+2+3+… தொடரில் மைனஸ் 1/12-ஐக் கையால் பிடிப்பது எப்படி

1+2+3+… என்று முடிவில்லாமல் கூட்டினால் மைனஸ் 1/12 வரும் என்று இணையத்தில் ஒரு கணக்கு உலவுகிறது. 1 முதல் 100 வரை கூட்டினால் 5,050. 1,000 வரை போனால் 5,00,500. இப்படி ஏறிக்கொண்டே போகிற கூட்டல் எந்த இடத்தில் திரும்பி மைனஸ் 1/12 ஆகும்? எந்த இடத்திலும் ஆகாது. பள்ளியில் படித்த பொருளில் இதற்குக் கூட்டுத்தொகையே கிடையாது. இது விரியும் தொடர். ஆனாலும் மைனஸ் 1/12 என்பது கட்டுக்கதை அல்ல. தொடரைத் திடீரென வெட்டாமல் மெல்லத் தேயவிட்டுக் கூட்டுங்கள். அதே வடிவத்தின் பரப்பளவை அதிலிருந்து கழியுங்கள். மீதி நிற்பது அந்த எண். இதைப் பார்க்க ஒரு தாளும் சாதாரண கால்குலேட்டரும் போதும்.

முதல் கணக்கு: பத்து வரி

ஓர் எல்லையை வைத்துக்கொள்வோம், 10 என்று. ஒவ்வொரு எண்ணுக்கும் ஓர் எடை கொடுக்க வேண்டும். எண்ணை 10-ஆல் வகுத்து, 1-லிருந்து கழித்து, வருவதை வர்க்கப்படுத்தினால் எடை கிடைக்கும். 1-க்கு 0.9-இன் வர்க்கம் 0.81, 2-க்கு 0.8-இன் வர்க்கம் 0.64, இப்படியே இறங்கி 9-க்கு 0.01, 10-க்கு 0. இனி எண்ணையும் எடையையும் பெருக்கி எழுதுங்கள்:

1 × 0.81 = 0.81
2 × 0.64 = 1.28
3 × 0.49 = 1.47
4 × 0.36 = 1.44
5 × 0.25 = 1.25
6 × 0.16 = 0.96
7 × 0.09 = 0.63
8 × 0.04 = 0.32
9 × 0.01 = 0.09
10 × 0 = 0

மொத்தம் 8.25. அடுத்து, இதே எடையை முழு எண்களுக்கு மட்டும் கொடுக்காமல் 0 முதல் 10 வரை தொடர்ச்சியாகக் கொடுத்து, அதேபோல் எண்ணால் பெருக்கி வரைந்தால் வரும் வளைவரைக்குக் கீழே உள்ள பரப்பளவு வேண்டும். பிளஸ் டூ தொகையிடல் தெரிந்தவர்கள் ஒரே வரியில் போட்டுவிடலாம்: எல்லையின் வர்க்கத்தை 12-ஆல் வகுத்தால் அதுதான் பரப்பு. இங்கே 100/12, அதாவது 8.3333. இப்போது 8.25-லிருந்து 8.3333-ஐக் கழியுங்கள். மைனஸ் 0.0833. அதுதான் மைனஸ் 1/12.

இது தோராயம் அல்ல, துல்லியமான விடை. எல்லையை எந்த முழு எண்ணாக வைத்தாலும் எடையிட்ட கூட்டல், எல்லையின் வர்க்கத்தில் 1 குறைத்து 12-ஆல் வகுத்ததாகவே வரும். 2 என்று வைத்துப் பாருங்கள்: 1 × 0.25 மட்டும் மிஞ்சும், பரப்பு 4/12, வித்தியாசம் அதே 1/12. எல்லை 1 என்றால் கூட்டல் பூஜ்யம், பரப்பு 1/12. எதையுமே கூட்டாமல் மைனஸ் 1/12 வந்துவிடுகிறது! முடிவிலிக்குப் போனால்தான் இந்த எண் முளைக்கும் என்று நினைப்பவர்களுக்கு முதலில் காட்ட வேண்டியது இதைத்தான்.

இங்கே பெரும்பாலும் வரும் பிழை, பரப்பை 8.33 என்று சுருக்கி எழுதுவது. அப்போது விடை 0.08 என்று வரும், 1/12 என்று அடையாளம் தெரியாது. கழிக்கும் இரண்டு எண்களும் கிட்டத்தட்ட சமம் என்பதால் நான்கு தசம இடமாவது வைத்திருங்கள்.

எடை தப்பானால்

வர்க்கம் எதற்கு, வெறுமனே 0.9, 0.8, 0.7 என்று குறைத்தால் போதாதா? போட்டுப் பாருங்கள். 1 × 0.9, 2 × 0.8 என்று போய் மொத்தம் 16.5. பரப்பு 100/6, அதாவது 16.6667. மீதி மைனஸ் 1/6. சரியாக இரண்டு மடங்கு! எடையே போடாமல் 10-இல் வெட்டினால் கூட்டல் 55, பரப்பு 50, மீதி 5. இந்த 5 நிலைக்காது. எல்லையை 20 ஆக்கினால் 10 ஆகிவிடும்.

ஒரே தொடருக்கு மூன்று விடை வருவது எதனால்? கூட்டலுக்கும் பரப்புக்கும் உள்ள வித்தியாசம் நடுப்பகுதியில் உண்டாவதில்லை, இரண்டு முனைகளில்தான் உண்டாகிறது. ஆய்லரும் மெக்லாரினும் 18-ஆம் நூற்றாண்டில் தனித்தனியே கண்ட வாய்பாட்டின் சாரம் இது. நம் தேவைக்கு அதன் முதல் இரண்டு உறுப்புகள் போதும். வளைவரை எந்த உயரத்தில் முடிகிறதோ அதில் பாதி ஒரு திருத்தம். முடியும் இடத்தின் சாய்விலிருந்து தொடங்கும் இடத்தின் சாய்வைக் கழித்து 12-ஆல் வகுத்தால் இன்னொரு திருத்தம். அந்த 12 நம் கணக்குக்குள் வந்தது இந்த வழியாகத்தான்.

மூன்று விடையிலும் இதைப் பொருத்திப் பாருங்கள். திடீரென வெட்டும்போது தொடக்கச் சாய்வும் 1, முடிவுச் சாய்வும் 1. சாய்வுத் திருத்தம் பூஜ்யம். ஆனால் வெட்டிய இடத்தில் உயரம் 10, அதில் பாதி 5. நேர்கோட்டு எடையில் முடிவு உயரம் பூஜ்யமாகிவிட்டது, நல்லது. ஆனால் சாய்வு மைனஸ் 1. மைனஸ் 1-லிருந்து 1-ஐக் கழித்து 12-ஆல் வகுத்தால் மைனஸ் 1/6. பாதி தொடக்கத்திலிருந்து, பாதி முடிவில் நாமே உண்டாக்கிய முனையிலிருந்து. வர்க்க எடையில் முடிவில் உயரமும் பூஜ்யம், சாய்வும் பூஜ்யம். தொடக்க முனை மட்டும் பேசுகிறது. தொடருக்குச் சொந்தமானது அந்தத் தொடக்க முனை மட்டுமே; முடிவு முனை நாம் வெட்டியதால் வந்தது. எடையின் வேலை அதை வாயடைப்பது.

ஸ்ப்ரெட்ஷீட்டில் இன்னொரு எடை

வர்க்க எடை நாம் விடைக்கு ஏற்ப ஜோடித்தது என்று சந்தேகம் வரும், வரவும் வேண்டும். வேறொரு எடையில் சோதியுங்கள். முதல் நெடுவரிசையில் 1, 2, 3 என்று எண்கள். தனியாக ஓர் அறையில் 0.1 என்று எழுதுங்கள். இதைத் தேய்மானம் என்று அழைப்போம். இரண்டாம் நெடுவரிசையில், எண்ணையும் தேய்மானத்தையும் பெருக்கி, மைனஸ் குறி போட்டு, எக்ஸ்ப் (EXP) சார்புக்குள் கொடுத்து, வருவதை எண்ணால் பெருக்குங்கள். சூத்திரத்தைக் கீழே இழுக்கும்போது தேய்மான அறையின் முகவரி நகராதபடி டாலர் குறியால் பூட்ட மறக்காதீர்கள். பூட்டாவிட்டால் இரண்டாம் வரியிலிருந்து எடை எல்லாம் 1 ஆகி, மொத்தம் ஆயிரக்கணக்கில் வந்து நிற்கும்.

இந்த எடைக்குப் பரப்பு, 1-ஐத் தேய்மானத்தின் வர்க்கத்தால் வகுத்தது. 0.1-க்கு 100. கூட்டல் 99.916708 என்று வரும். மீதி மைனஸ் 0.083292. தேய்மானத்தை 0.05 ஆக்கினால் மைனஸ் 0.083323, 0.01-இல் மைனஸ் 0.0833329. இந்த முறை துல்லியமாக 1/12 இல்லை, அதை நோக்கி நெருங்குகிறது. எவ்வளவு விலகல் என்பதும் தெரிந்ததே: தேய்மானத்தின் வர்க்கத்தை 240-ஆல் வகுத்த அளவு.

எத்தனை வரி இழுக்க வேண்டும் என்பதில்தான் பலர் சறுக்குவார்கள். தேய்மானம் 0.1-க்கு 100 வரி போதும் என்று தோன்றும். நூறாவது உறுப்பு 0.0045 தானே! ஆனால் அதற்குப் பின்னால் வரிசையாக நிற்பவை எல்லாம் சேர்ந்து 0.0477. 100 வரியில் நிறுத்தினால் மீதி மைனஸ் 0.131 என்று காட்டும், முறையே தப்பு என்று முடிவுகட்டிவிடுவீர்கள். 200 வரியில் இழப்பு 0.000004 ஆகச் சுருங்கிவிடும். 30-ஐத் தேய்மானத்தால் வகுத்து அத்தனை வரி என்று வைத்துக்கொள்ளுங்கள்: 0.1-க்கு 300, 0.01-க்கு 3,000.

மறுமுனையிலும் ஒரு குழி உண்டு. தேய்மானம் சிறிதாகச் சிறிதாக விடை நெருங்கும் என்று 0.00001-க்குப் போனால் வரிகள் 30 லட்சம் வேண்டும். எக்ஸெல் தாளில் இருப்பவை 10,48,576 தான். வரிகளே இல்லாமல் மொத்தத்தைத் தரும் சுருக்குச் சூத்திரம் போட்டுத் தப்பிக்கலாம் என்றால், பரப்பு இப்போது ஆயிரம் கோடி. கணினி ஏறத்தாழ 15, 16 இலக்கம்தான் நினைவில் வைக்கும். 1-லிருந்து 1-க்கு மிக அருகிலான எண்ணைக் கழித்து, வர்க்கப்படுத்தி, அதால் வகுக்கும் வழியில் பிழை 0.1 வரை போகலாம். தேடுகிற எண்ணே 0.083 தான். 0.01-ஓடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இணையத்து ‘நிரூபணம்’ எங்கே வழுக்குகிறது

எல்லோரும் பார்த்த வித்தை இது: 1−2+3−4+… என்பதற்கு 1/4 என்று எடுத்து, மூலத் தொடரிலிருந்து அதைக் கழித்தால் 4+8+12+… அதாவது நான்கு மடங்கு மூலத் தொடர்; ஆகவே மைனஸ் 1/12. விடை சரி. ஆனால் வழியில் தொடர்களை இடம் தள்ளுவதும், நடுவில் இருக்கும் பூஜ்யங்களை விழுங்குவதும் விருப்பம்போல் நடக்கின்றன. எது செல்லும், எது செல்லாது என்று யாரும் சொல்வதில்லை.

இடம் தள்ளுவது இந்தத் தொடரில் செல்லாது. 1+2+3+… அடியில் அதையே ஓரிடம் தள்ளி 0+1+2+… என்று எழுதிக் கழியுங்கள்: 1+1+1+… ஒரே தொடரிலிருந்து அதையே கழித்ததால் இது பூஜ்யம் ஆக வேண்டும். அதையும் ஓரிடம் தள்ளிக் கழித்தால் 1+0+0+… இதுவும் பூஜ்யம். ஆகவே 1-ம் 0-வும் சமம், கடையைக் கட்டலாம்.

நம் எடை முறை இந்தக் கோளாறை எண்ணாகவே காட்டும். 1+1+1+…-ஐ எல்லை 10-உடன் வர்க்க எடையில் கூட்டினால் 2.85, பரப்பு 3.3333, மீதி மைனஸ் 0.4833; எல்லை 100-க்கு மைனஸ் 0.4983. போய்ச் சேரும் இடம் மைனஸ் 1/2. முன்னால் ஒரு பூஜ்யம் சேர்த்த 0+1+2+3+… தொடருக்கு எடையை இடத்தைப் பொறுத்துக் கொடுத்தால், மீதி மைனஸ் 1/12-உடன் 1/2 சேர்ந்து 5/12-ஐ நோக்கிப் போகும். ஒன்றுமில்லாத ஒரு பூஜ்யம் விடையை அரை அளவு நகர்த்திவிட்டது. மாறாக, 0+4+0+8+… என்று இடையிடையே பூஜ்யம் விட்டு நீட்டுவதால் இங்கே கேடில்லை. எல்லை பாதியானதுபோல்தான் ஆகும், மாறிலி, அதாவது கடைசியில் நிலைத்து நிற்கும் மீதி, அசையாது. நீட்டலாம், தள்ளக் கூடாது. இணைய வித்தையில் தள்ளப்படுவது குறி மாறி மாறி வரும் தொடர் என்பதால் அது பிழைத்துக்கொள்கிறது.

ராமானுஜன் 1913 பிப்ரவரி 27-இல் ஆங்கிலக் கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில், ‘என் கொள்கைப்படி’ என்ற சொல்லோடுதான் இந்த விடையைக் குறிப்பிட்டார். இதைச் சொன்னால் பைத்தியக்கார விடுதியைத்தான் காட்டுவீர்கள் என்றும் சேர்த்துக்கொண்டார். அவர் தேடியது தொடரின் மாறிலியை. ‘கொள்கைப்படி’ என்பதை உதிர்த்துவிட்டு விடையை மட்டும் பரப்பியதில்தான் பாதிக் குழப்பம்.

மற்ற தொடர்களுக்கு

1+4+9+…-க்கு வர்க்க எடை போட்டால் எல்லை 10-இல் மீதி மைனஸ் 0.0033, பூஜ்யத்தை நோக்கிப் போகும். கனங்களில் கவனம் வேண்டும். 1+8+27+…-க்கு அதே எடையில் கூட்டல் 166.65, பரப்பு 166.6667, மீதி மைனஸ் 1/60. அழகாக வந்தாலும் தப்பான விடை. கனங்களுக்கு மூன்றாம் வகைக்கெழுவும் முடிவில் பூஜ்யமாக வேண்டும், வர்க்க எடை அங்கே வாயடைக்காது. வர்க்கத்துக்குப் பதில் நான்காம் அடுக்கு போடுங்கள், எல்லை பெரிதாகப் பெரிதாக மீதி 1/120-ஐ நோக்கிப் போகும். 1948-இல் இயற்பியலாளர் காசிமிர் கணித்த, வெற்றிடத்தில் இரண்டு உலோகத் தகடுகளுக்கு இடையிலான ஆற்றலின் சூத்திரத்தில் உள்ள 720, இந்த 120-இன் ஆறு மடங்கு. அங்கே எடையை நாம் போட வேண்டியதில்லை. மிக அதிக அதிர்வெண்களை உலோகம் பிரதிபலிக்காது என்பதே எடை.

1+1/2+1/3+… தொடரில் மட்டும் இந்த முறையை நம்பாதீர்கள். பூஜ்யத்திலிருந்து எடுத்தால் பரப்பே முடிவிலி. எல்லையை இரட்டிப்பாக்கும்போதெல்லாம் கூட்டல் சுமார் 0.6931 ஏறும். அந்த மடக்கை வளர்ச்சியைக் கழித்தாலும் மாறிலி எடைக்கு எடை மாறும்: நேர்கோட்டு எடையில் ஆய்லர் மாறிலி 0.5772-லிருந்து 1 குறையும், வர்க்க எடையில் 1.5 குறையும்.