பூட்டிய ஜிப்பை என்ன செய்வது? அமாவிஸ் + கிளாம்ஏவி அமைத்த கதை

திருப்பூரில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியின் மெயில் சர்வரை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். உபுண்டு லினக்ஸில் போஸ்ட்ஃபிக்ஸ் (மெயிலை வாங்கி அனுப்புவது), கிளாம்ஏவி (வைரஸ் தேடுவது), அமாவிஸ் (இரண்டுக்கும் நடுவே மெயிலைப் பிரித்துச் சோதனைக்குக் கொடுப்பது) மூன்றையும் இன்ஸ்டால் செய்துவிட்டு, "ஸ்கேன் ஓடுதுங்க" என்று முதலாளியிடம் சொல்லி ஒரு வாரம் நிம்மதியாகத் தூங்கினேன். ஒன்றுமே ஓடவில்லை.

டெபியன், உபுண்டு தரும் அமாவிஸில் வைரஸ் சோதனை அணைத்தே வருகிறது. 15 என்று தொடங்கும் கான்ஃபிக் ஃபைலைத் திறந்து, வைரஸ் சோதனைக்கான இரண்டு வரிகளுக்கு முன்னால் உள்ள # குறியை எடுங்கள். அடுத்து, கிளாம்ஏவி யூசரை அமாவிஸ் குரூப்பில் சேருங்கள். அமாவிஸ் பிரித்து வைக்கும் இணைப்புகளை அது திறக்க வேண்டுமே. போஸ்ட்ஃபிக்ஸ் மெயிலை அமாவிஸிடம் 10024 போர்ட்டில் கொடுத்து 10025-இல் திரும்ப வாங்கும். அந்த 10025-க்கு கன்டென்ட் ஃபில்டரை (மெயிலை அமாவிஸுக்குத் திருப்பிவிடும் செட்டிங்) காலியாக்க மறந்தால் மெயில் செக்குமாடுதான், சுற்றிக்கொண்டே இருக்கும்.

அளவு விஷயத்தில் கவனம். கிளாம்ஏவி தன் வரம்பைத் தாண்டிய ஃபைலைப் பார்க்காமலே விட்டுவிடும்; விடை மட்டும் 'சுத்தம்' என்று வரும். பையர்கள் (துணி வாங்கும் வெளிக் கம்பெனிகள்) அனுப்பும் டெக்பேக்குக்காக (டிசைன் விவர ஃபைல்) நாங்கள் போஸ்ட்ஃபிக்ஸ் வரம்பை 40 எம்பி ஆக்கியிருந்தோம், கிளாம்ஏவியில் 25 எம்பியே இருந்தது. கிளாம்ஏவியில் ஒரு ஃபைலுக்கான வரம்பை போஸ்ட்ஃபிக்ஸ் வரம்புக்கு மேல் ஏற்றுங்கள். ஜிப் விரிந்தால் பெருகும், ஆகவே மொத்த ஸ்கேன் வரம்பு இன்னும் கூடுதலாக இருக்கட்டும்.

பாஸ்வேர்ட் போட்ட ஜிப்பும் அப்படித்தான்: உள்ளே பார்க்க முடியாது, ஆனாலும் விட்டுவிடும். 'பூட்டியவை எல்லாவற்றையும் பிடி' என்ற செட்டிங்கைப் போட்டேன். மறுநாள் காலையிலேயே அக்கவுண்ட்ஸ் அக்கா வந்து நின்றார்: "பேங்க் ஸ்டேட்மென்ட் ஒண்ணுகூட வரலையே தம்பி?" நம் ஊர் பேங்குகள் ஸ்டேட்மென்டைப் பூட்டிய பிடிஎஃப்பாகத்தானே அனுப்புகின்றன! கிளாம்ஏவியில் ஆவணத்துக்கும் (பிடிஎஃப் போன்றவை) ஆர்க்கைவுக்கும் (ஜிப் போன்றவை) தனித்தனி செட்டிங் உண்டு. ஆர்க்கைவை மட்டும் ஆன் செய்தேன். பூட்டிய பிடிஎஃப்பில் ஆபத்தே இல்லை என்று சொல்லவில்லை. தினமும் வசவு வாங்க முடியாது, அவ்வளவுதான்.

பிடிபட்ட ஜிப்பைக் கேட்டு யாராவது வந்தால் என் முதல் கேள்வி: "பாஸ்வேர்டு எங்கே இருந்துச்சு?" அதே மெயிலில் என்றால் விடுவிப்பதில்லை, பையருக்கு ஃபோன் போடச் சொல்வேன்.

சோதிக்க 68 பைட் ஐகார் (EICAR) ஃபைல் போதும், அது சோதனைக்கென்றே உள்ள போலி, நிஜ வைரஸ் இல்லை. வெளி ஜிமெயிலிலிருந்து அனுப்பினால் ஜிமெயிலே தடுத்துவிடும். சர்வரிலேயே கமாண்ட் லைனிலிருந்து அனுப்புங்கள். வெறுமனே ஒன்று, ஜிப்பில் ஒன்று, பூட்டிய ஜிப்பில் ஒன்று. மூன்றும் குவாரன்டீன் ஃபோல்டரில் (பிடிபட்ட மெயிலை ஒதுக்கி வைக்கும் இடம்) கிடக்க வேண்டும்.