கார், லோரி மாடல் கட்டுறவங்க நம்ம ஊர்ல பண்ற தப்புங்க

டாங்கி, போர் விமானம்னு பிளாஸ்டிக் மாடல் கட்டுறவங்களுக்கு ஒரு சலுகை இருக்கு, பெயிண்ட் சொதப்பிடுச்சுன்னா மேல சேறு, துரு, புகைக் கரின்னு எதையாவது பூசி மறைச்சிடலாம், பாக்குறவங்களும் "அடேயப்பா, நிஜம் மாதிரியே இருக்கே"ன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. கார் கட்டுறவனுக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. பாடி பளபளன்னு இருக்கணும், ஒரே ஒரு தூசி ஒட்டியிருந்தாலும் லைட்டுக்குக் கீழ வச்சா தள்ளி நிக்கிறவனுக்கே தெரியும். அதனால கார் மாடல்னா முக்கால்வாசி பெயிண்ட் வேலைதான், கிட்டை, அதாவது பெட்டியில வர்ற பிளாஸ்டிக் பாகங்களை, வெட்டி ஒட்டுறதெல்லாம் மிச்ச கால்வாசி. அந்த முக்கால்வாசியிலதான் நம்ம ஆளுங்க மாட்டிக்கிறாங்க, ஏன்னா யூடியூப்ல பாத்து கத்துக்கிறது பூரா குளிர் நாட்டுக்காரங்க காஞ்ச காத்துல அடிக்கிற முறை, அதை அப்படியே பினாங்கு ஜெலுத்தோங் பிளாட்லயோ கேஎல் (கோலாலம்பூர்) செந்தூல் வீட்டுப் பின்பக்கத்துலயோ பண்ணா வேற மாதிரிதான் வரும்.

மழை வர்ற நேரத்துல ஸ்பிரே கேனைத் தூக்குறது, இதுதான் நான் அதிகமா பாக்குற தப்பு. லாக்கர்ங்கிற சீக்கிரம் காயுற பெயிண்ட்ல இருக்கிற தின்னர் (பெயிண்டைக் கரைக்கிற திரவம்) ரொம்ப வேகமா ஆவியாகும், ஆவியாகும்போது பாடி மேல சில்லுன்னு ஆயிடும், காத்துல இருக்கிற ஈரம் அந்த இடத்துல பொடிப்பொடியா படிஞ்சு பெயிண்டுக்குள்ளயே மாட்டிக்கும். காஞ்சதும் பாத்தா வெள்ளையா பனி மூடின மாதிரி இருக்கும், இதைத்தான் பிளஷிங்னு சொல்றாங்க. வெள்ளை பாடியில அவ்வளவா தெரியாது, கறுப்புலயும் கருநீலத்துலயும் மேல கிளியர், அதாவது நிறமில்லாத மேல் கோட், அடிக்கிறப்பவும் மானத்தை வாங்கிடும். நம்ம மலேசியால வருஷம் பூரா காத்துல ஈரம் 80 சதவீதத்தைச் சுத்தித்தான் ஓடுது, கேஎல்ல மத்தியானத்துக்கு மேல வானம் கறுத்துச்சுன்னா கேக்கவே வேணாம். சரி, காலைல எழுந்ததும் அடிச்சிடலாம்னு நெனைப்பாங்க, ஆனா விடியக்காலைலதான் ஈரம் உச்சத்துல இருக்கும். வெயில் நல்லா ஏறி, மழை மேகம் கூடுறதுக்கு முன்னாடி இருக்கிற அந்த பதினொன்னு, பன்னெண்டு மணிதான் நமக்கு நல்ல நேரம். ராகு காலம் எமகண்டம் பாக்குறவங்க கூட ஒரு சின்ன ஈரப்பத மீட்டரும் வாங்கி வச்சுக்கலாம், விலை ஒண்ணும் பெருசில்ல. என் கணக்கு, எழுபதுக்குக் கீழ காட்டினா தாராளமா அடிக்கலாம், எண்பதைத் தாண்டினா அன்னைக்கு சக்கரத்துக்கு சேண்ட்பேப்பர் போட்டுக்கிட்டு உக்காந்துக்கலாம்.

அப்படியும் வெள்ளை பூத்துடுச்சுன்னா பதறிப்போய் அதே மழைக்காத்துல இன்னொரு கோட் அடிக்காதீங்க லா. காய விடுங்க, ஈரம் கம்மியான நாளா பாத்து ரிட்டார்டர் (காயுறதை மெதுவாக்குற திரவம்) கலந்த தின்னரை ஏர்பிரஷ்ல ரொம்ப லேசா ஒரு தடவை தூவினா மேல் படலம் இளகி ஈரம் வெளிய போக வழி கிடைக்கும், நிறைய தடவை வெள்ளை காணாமப் போயிடும். அடிச்சு முடிச்ச பாடியை ஏர்கோன் ரூம்ல கொண்டு போய் ஒரு டப்பாவைக் கவுத்து மூடி வைக்கிறது இன்னும் நல்லது, ஏர்கோன் காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துடும். ஆனா ஏர்கோன் ரூமுக்குள்ளயே ஸ்பிரே அடிக்கக் கூடாது, அது வேற கதை. கதவு ஜன்னல் மூடின ரூம்ல அந்த ஆவி சுத்திக்கிட்டே இருக்கும், நம்ம நுரையீரல்தான் ஃபில்டர்.

இங்க ஒண்ணு அழுத்திச் சொல்லணும். ஸ்பிரே கேன்ல பெயிண்டை வெளிய தள்ளுற கேஸ் தீப்பிடிக்கிற கேஸ், தின்னரும் அப்படித்தான். நம்ம வீடுகள்ல ஹாலுக்குப் பக்கத்துலயே சாமி மேடை, காலையும் சாயங்காலமும் விளக்கு எரியும், பின்பக்கம் போனா சமையல் அடுப்பு. விளக்கு எரியுற நேரத்துல, அடுப்பு எரியுற பக்கத்துல கேனைத் தொடவே தொடாதீங்க. கேன்ல பிரஷர் நல்லா வரணும்னு வெதுவெதுப்பான தண்ணில கொஞ்ச நேரம் வைக்கிறது சரியான பழக்கம், பெயிண்ட் பொடியா தூவும், ஆனா வெதுவெதுன்னா கை பொறுக்குற சூடு, கொதிக்கிற தண்ணி இல்ல, அடுப்பு மேல வச்சா குண்டுதான். மூக்குக்கு மெடிக்கல் மாஸ்க் போட்டுக்கிட்டு அடிக்கிறவங்களையும் பாக்குறேன், அது தின்னர் ஆவியைத் துளி கூட தடுக்காது, ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் போட்ட ரெஸ்பிரேட்டர்தான் வேணும். பிளாட் கோரிடோர்ல அடிக்கிறவங்க பக்கத்து வீட்டு ஆன்ட்டி காயப்போட்ட துணியையும் ஒரு பார்வை பாத்துடுங்க.

அடுத்தது தப்பான கேனை வாங்குறது. தமியாங்கிற ஜப்பான் கம்பெனி கேன்லயே டிஎஸ்னு ஒரு வரிசை, பிஎஸ்னு ஒரு வரிசை. டிஎஸ் நம்ம கிட்ல வர்ற சாதா பிளாஸ்டிக்குக்கு, பிஎஸ் ரிமோட் கார்ல வர்ற ஒளி ஊடுருவுற பாலிகார்பனேட் பாடிக்கு. ரெண்டு கேனும் ஒரே சைஸ், கடையில பக்கத்துப் பக்கத்துல அடுக்கியிருப்பாங்க, கலர் மூடியைப் பாத்து எடுத்துட்டு வந்துடுவாங்க. பிஎஸ்ஸை கிட் பாடி மேல அடிச்சா பிளாஸ்டிக்கையே தின்னும், டிஎஸ்ஸை பாலிகார்பனேட் மேல அடிச்சா முதல் மோதல்லயே செதில் செதிலா உரியும். மலிவா இருக்குன்னு ஹார்ட்வேர் கடை ஸ்பிரேயை அடிக்கிறதும் இதே ரகம், சில கேன்ல இருக்கிற தின்னர் நம்ம பிளாஸ்டிக்குக்கு ரொம்ப காட்டம், அடிக்கிறதா இருந்தா மிச்சம் கிடக்கிற ஸ்ப்ரூ (பாகங்களைப் பிடிச்சிருக்கிற பிளாஸ்டிக் சட்டம்) மேல முதல்ல அடிச்சுப் பாருங்க. எது மேல எதை அடிக்கிறதுன்னும் ஒரு முறை இருக்கு, லாக்கர் காஞ்சதுக்கு மேல எனாமல் (மெதுவா காயுற எண்ணெய் வகை பெயிண்ட்) போடலாம், எனாமலுக்கு மேல லாக்கர் அடிச்சா கீழ இருக்கிறது சுருங்கி அப்பளம் மாதிரி பொங்கிடும்.

அவசரம். இதுக்கு மருந்தே இல்ல, இருந்தாலும் சொல்றேன். தொட்டுப் பாத்தா ஒட்டலன்னா காஞ்சிடுச்சுன்னு அர்த்தம் கிடையாது. பாடியை மூக்குகிட்ட வச்சு மோந்து பாருங்க, பெயிண்ட் வாசம் அடிச்சா உள்ள தின்னர் இன்னும் இருக்கு, மாஸ்கிங் டேப் ஒட்டினா தடம் விழும், பாலிஷ் பண்ணா ரெண்டு நாள்ல பளபளப்பு மங்கிடும். ஹேர் டிரையரைப் பக்கத்துல காட்டுறவங்க மெல்லிசா இருக்கிற ஏ பில்லரை (முன் கண்ணாடி ஓரத் தூண்) வளைச்சுட்டு வந்து நிப்பாங்க. அதே மாதிரி ஒரே கோட்ல கலரை மூடிடணும்னு கொட்டுறது. 1/24 அளவுல, அதாவது நிஜத்துல 24ல ஒரு பங்கா இருக்கிற மாடல்ல, 0.1 மில்லிமீட்டர் பெயிண்ட்னா நிஜக் கார்ல 2.4 மில்லிமீட்டர் தடிமன், அந்த தடிமன்ல கதவு இடுக்கு, பானெட் இடுக்கு எல்லாம் மூடி சோப்புக்கட்டியில செதுக்கின கார் மாதிரி ஆயிடும். முதல் கோட் பிளாஸ்டிக் தெரியுற அளவுக்கு மெல்லிசா தூவணும், அப்புறம் இன்னொண்ணு, கடைசி கோட் மட்டும் கொஞ்சம் ஈரமா. பெயிண்ட் அடிக்கிறதுக்கு முன்னாடியே அந்த இடுக்கை ஸ்கிரைபர்ங்கிற கீறுற கருவி வச்சு ரெண்டு மூணு இழுப்பு இழுத்து ஆழமாக்கிட்டா பாதுகாப்பு, பெயிண்ட் அடிச்ச பிறகு இழுத்தா வழுக்கிட்டுப் போய் கதவு பூரா கோடு.

இன்னொரு விஷயம், சிவப்பு பிளாஸ்டிக்ல வர்ற பாடிக்கு வெள்ளை அடிக்கணும்னு ஆசைப்படுறவங்க. அந்தச் சிவப்பு மெதுவா மேல ஏறி வெள்ளையை ரோஸ் ஆக்கிடும், பிரைமர்ங்கிற அடிக் கோட் மட்டும் சில நேரம் தடுக்காது, நடுவுல ஒரு சில்வர் கோட் போட்டுட்டு மேல போங்க.

பெயிண்டுக்கு முந்தின வேலையில சுருக்கமா சொல்றேன். பாத்திரம் கழுவுற சோப்புல பாடியைக் கழுவாம ஆரம்பிக்காதீங்க, அச்சுல இருந்து எடுக்கப் போட்ட எண்ணெயும் நம்ம கை எண்ணெயும் இருக்கும். ஃபெண்டர் மேல ஓடுற அச்சுக் கோட்டை அது டிசைன்னு நெனைச்சு விட்டுடுறாங்க, அதைத் தேய்ச்சு எடுக்கணும். நிப்பரை (பாகத்தை வெட்டி எடுக்கிற கட்டர்) பாகத்தோட ஒட்டி வச்சு ஒரே வெட்டா வெட்டாதீங்க, தள்ளி ஒரு வெட்டு, அப்புறம் கிட்ட ஒரு வெட்டு. சேஸிஸ், உள்கூடு, கண்ணாடி எல்லாத்தையும் பாடிக்குள்ள ஒரு தடவை பொருத்திப் பாத்துட்டுத்தான் பெயிண்ட், இல்லாட்டி கடைசில பளபள பாடியை விரிச்சு நுழைக்கிறப்ப 'டக்'னு ஒரு சத்தம் கேக்கும்.

கம் விஷயத்துல நம்ம பசங்க சூப்பர் குளூவையே எல்லாத்துக்கும் போடுறாங்க. கண்ணாடி ஒட்ட சூப்பர் குளூ போட்டா அதோட ஆவி கண்ணாடி உள்பக்கம் பூரா வெள்ளையா படிஞ்சிடும், உள்ள கஷ்டப்பட்டு பெயிண்ட் பண்ண டேஷ்போர்டே தெரியாது. கண்ணாடிக்கு வெள்ளை பிவிஏ கம் போதும், காஞ்சா நிறமே இருக்காது. தண்ணி மாதிரி இருக்கிற எக்ஸ்ட்ரா தின் சிமெண்ட், அதாவது பிளாஸ்டிக்கை இளக்கி ஒட்டுற கம், வேற ரகம், அதைப் பூசிட்டு ஒட்டக் கூடாது, ரெண்டு பாகத்தையும் சேத்துப் பிடிச்சுட்டு பிரஷ் நுனியால இடுக்கைத் தொட்டா போதும், தானா ஓடும். எங்க விரல் வச்சுப் பிடிச்சிருக்கோம்னு பாக்கணும், இடுக்குக்கு மேல விரல் இருந்தா சிமெண்ட் விரலுக்கு அடியிலயும் ஓடி பிளாஸ்டிக்கை இளக்கும். ஒரு தம்பி எங்கிட்ட காட்டின பானெட்டுல கட்டைவிரல் ரேகை அச்சு எடுத்த மாதிரி பதிஞ்சிருந்துச்சு, போலீஸ்ல கொடுத்தா கண்டுபிடிச்சிடுவாங்க. குரோம் பூசின பம்பர் மேல சிமெண்ட் பிடிக்காது, ஒட்டுற இடத்துல குரோமைச் சுரண்டிட்டு ஒட்டுங்க. குரோமே பிடிக்கலன்னா குளோரோக்ஸ் பிளீச்ல ஊறப் போட்டா போயிடும், அதுல வேற எந்த கிளீனரையும் கலந்துடாதீங்க.

லோரிக்கு வருவோம், எனக்குப் பிடிச்ச இடம். வாங்குறப்பவே ஒரு தப்பு நடக்கும், அளவு பாக்காம. இத்தாலேரி ஐரோப்பா லோரி பெரும்பாலும் 1/24, ஏஎம்டி அமெரிக்க லோரி 1/25, ஆவோஷிமா ஜப்பான் லோரி 1/32, தமியாவோட பெரிய ரிமோட் லோரி 1/14. தலை ஒரு கம்பெனி, டிரெய்லர் ஒரு கம்பெனின்னு மலிவா கிடைச்சதை வாங்கி மாட்டிட்டு அப்புறம் டிரெய்லர் ஏன் குட்டியா தெரியுதுன்னு கேப்பாங்க. 1/24, 1/25 ஒண்ணா வச்சா சமாளிக்கலாம், 1/32வை சமாளிக்க முடியாது.

கட்டுறப்ப லோரியோட உயிர் ரெண்டு நீளமான சேஸிஸ் கம்பிதான். அதை கையில பிடிச்சுக்கிட்டே ஒட்டினா லேசா முறுக்கிக்கும், அப்ப கண்ணுக்குத் தெரியாது, கடைசில பத்து டயரையும் மாட்டி மேசையில வச்சா ஒரு மூலை டயர் அந்தரத்துல நிக்கும், அதுக்கப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது. ஹார்ட்வேர் கடையில ஒரு தரை டைல்ஸ் வாங்கிக்குங்க, அதோட பளபள பக்கம் நல்ல சமமா இருக்கும். சேஸிஸை அது மேல வச்சு, குறுக்குக் கம்பியை ஒட்டி, சிமெண்ட் இறுகுறதுக்குள்ள அச்சுகளையும் சக்கரங்களையும் சும்மா சொருகி டைல்ஸ் மேல நிக்க வச்சு, எல்லா டயரும் தரையைத் தொடுதான்னு ஒரு துண்டு பேப்பரை அடியில நுழைச்சுப் பாருங்க. பேப்பர் ஒரு டயருக்கு அடியில சுலபமா போச்சுன்னா அந்தப் பக்கம் லேசா அழுத்தி வெயிட் வச்சு ராத்திரி பூரா விட்டுடுங்க.

டிகால்ல, அதாவது தண்ணில ஊற வச்சு ஒட்டுற ஸ்டிக்கர்ல, பெரிய தப்பு, எல்லாத்தையும் ஒரே நேரத்துல தண்ணில போடுறது. வெட்டி ஒண்ணொண்ணா போடுங்க, பளபளப்பில்லாத மேட் பெயிண்ட் மேல ஒட்டாதீங்க, அடியில காத்து மாட்டி வெள்ளி மாதிரி மினுங்கும். ஒட்டின மேல டிஎஸ் 13 கிளியரை முதல் கோட்லயே ஈரமா அடிச்சா டிகால் சுருண்டுக்கும், ரெண்டு மூணு தடவை தூரத்துல இருந்து தூவிட்டு, காஞ்ச பிறகு ஈரக் கோட்.

நிஜம் மாதிரி தெரியணும்ங்கிறப்ப பண்ற தப்பு தனி ரகம். டயருக்கு பளபள கறுப்பு அடிக்கிறாங்க, ரப்பர் கறுப்பே கிடையாது, கரும் சாம்பல், அதுக்குன்னே தமியாவோட எக்ஸ்எஃப் 85னு ரப்பர் பிளாக் இருக்கு. வெள்ளை கார்ல கதவு இடுக்குக்குள்ள கறுப்பு மை ஓட்டுறாங்க, கார்ட்டூன் மாதிரி இருக்கும், சாம்பல் ஓட்டுங்க. எனாமல் வாஷை, அதாவது தின்னர்ல நல்லா கரைச்ச பெயிண்டை, பெயிண்ட் இல்லாத பிளாஸ்டிக் மேல விட்டா, இறுக்கமா பொருத்தின இடத்துல வெடிப்பு விடும்.

நம்ம ஊர் லோரி பண்ணணும்னா ஐரோப்பா போட்டோவைப் பாத்து சாம்பல் சேறு பூசாதீங்க, செம்பனைத் தோட்டத்துல இருந்து வர்ற லோரியை டிராபிக் லைட்ல நிக்கிறப்ப பாருங்க, மட்கார்டுலயும் பின் சக்கரத்துக்குப் பின்னாடியும் செம்மண், கேபின் கூரை சுத்தமா இருக்கும். கதவுல கம்பெனி பேரு, கீழ BTM, BDMனு ரெண்டு எடை இருக்கும், நம்ம ஆளுங்க ரெண்டையும் ஒண்ணா எழுதிடுறாங்க, BTM (Berat Tanpa Muatan) சுமை இல்லாத எடை, BDM (Berat Dengan Muatan) சுமையோட எடை, அதுதான் பெரிய எண். கையெழுத்தா எழுதாம ரோட்ல ஒரு லோரியை போட்டோ எடுத்து அப்படியே பிரிண்ட் பண்றது உத்தமம். நம்பர் பிளேட் கறுப்புல வெள்ளை எழுத்து, பினாங்குக்கு 'பி' (P), கேஎல்லுக்கு 'டபிள்யூ' இல்லாட்டி 'வி'. டாக்ஸி பண்ணா தலைகீழ், வெள்ளைல கறுப்பு, 'எச்'ல ஆரம்பிக்கும். ஐரோப்பா கிட்ல ஸ்டியரிங் பெரும்பாலும் இடது பக்கம் இருக்கும், அதை மாத்தாம நம்பர் பிளேட்டை மட்டும் ஒட்டினா தெரிஞ்சவங்க முதல்ல அதைத்தான் சொல்லுவாங்க.

கட்டி முடிச்சு கேஸ்ல வச்ச பிறகும் ஒண்ணு நடக்கும். பழைய அமெரிக்க கிட்ல வர்ற மெத்து மெத்துன்னு இருக்கிற வினைல் டயர்ல இருந்து ஒரு எண்ணெய்ச் சத்து கசியும், அது சக்கரத்து ரிம்மைத் தின்னும், கொஞ்ச வருஷம் கழிச்சு எடுத்தா டயர் ரிம்மோட உருகி ஒட்டியிருக்கும், நம்ம சூட்டுல இது இன்னும் சீக்கிரம். டயரை மாட்டுறதுக்கு முன்னாடி ரிம் சுத்தி மெல்லிசா அலுமினியம் ஃபாயில் டேப்பை ஒட்டிடுங்க, டயர் பிளாஸ்டிக்கைத் தொடாது. பெட்டியில கட்டாம வச்சிருக்கிற கிட்லயும் டயரை வேற பிளாஸ்டிக் பையில போட்டுத் தனியா வைங்க, முக்கியமா விண்ட்ஷீல்ட் பக்கத்துல விடாதீங்க.