வீட்டிலேயே ஃபோனிக்ஸ்: எந்தப் பாடத்திட்டத்தை எடுப்பது, எப்படிச் சோதித்துப் பார்ப்பது

மகளுக்கு நாலரை வயதானபோது ஆங்கிலம் வாசிக்க நானே சொல்லிக்கொடுக்கலாம் என்று உட்கார்ந்தேன். எந்த ஃபோனிக்ஸ் பாடத்திட்டத்தை எடுப்பது என்ற கேள்வியிலேயே பல வாரங்கள் போய்விட்டன. ஒன்றை வாங்கிப் பாதியில் விட்டோம், இன்னொன்றையும் விட்டோம், மூன்றாவதில்தான் அவள் வாசிக்க ஆரம்பித்தாள். அந்த மூன்றாவது பெரிய அதிசயம் ஒன்றும் இல்லை. அதற்குள் எதைப் பார்த்து எடுக்க வேண்டும் என்று எனக்குப் புரிந்திருந்தது, அவ்வளவுதான். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அந்த வாரங்கள் மிச்சமாகட்டும் என்று எழுதுகிறேன்.

எழுத்தின் பெயர் வேறு, அது தரும் ஒலி வேறு, ஆங்கிலத்தின் 26 எழுத்துகள் ஏறக்குறைய 44 ஒலிகளைச் சுமக்கின்றன, ஃபோனிக்ஸ் சொல்லித்தருவது அந்த ஒலிகளை. இதுவரை உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. முதலில் குழந்தையின் காதைப் பாருங்கள்

அட்டை, புத்தகம் எதுவும் வேண்டாம். "க், ஆ, ல். நான் என்ன சொன்னேன்?" என்று கேளுங்கள். குழந்தை "கால்" என்று சொன்னால் தொடங்கலாம். சொல்லவில்லை என்றால் கண், பல், மீன் என்று இந்த விளையாட்டையே இன்னும் சில வாரம் ஆடுங்கள், எழுத்து எங்கும் ஓடிவிடாது. இங்கிலாந்து அரசு 2007இல் வெளியிட்ட லெட்டர்ஸ் அண்ட் சவுண்ட்ஸ் என்ற திட்டத்தில் ஆறு கட்டங்கள் உண்டு, அதில் முதல் கட்டம் முழுக்கக் கேட்பதும் சொல்வதும்தான். நான் அந்தக் கட்டத்தைத் தாண்டிக் குதித்து நேரே அட்டைக்குப் போனேன். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்.

2. எழுத்துகள் எந்த வரிசையில் வருகின்றன

பாடத்திட்டத்தைக் கையில் எடுத்ததும் முதல் இரண்டு வாரப் பாடத்தைத் திறங்கள். ஏ, பி, சி, டி என்று அகரவரிசையில் போனால் மூடிவைத்துவிடலாம். அந்த நான்கு எழுத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய சொற்கள்தான் கிடைக்கும், அதனால் குழந்தை வாரக்கணக்கில் ஒலியை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டிருக்கும், வாசிக்காது. ஜாலி ஃபோனிக்ஸ் என்ற திட்டம் 42 ஒலிகளை 7 தொகுதிகளாகப் பிரித்திருக்கிறது. முதல் தொகுதி எஸ், ஏ, டி, ஐ, பி, என் (டி என்றது 'டின்' என்ற சொல்லின் முதல் எழுத்தை, பி என்றது ஊசியான 'பின்' என்ற சொல்லின் முதல் எழுத்தை). இந்த ஆறை வைத்தே ஸிட், பின், டின், டிப், நிப், ஸ்பின், ஸ்னிப் என்று போய்க்கொண்டே இருக்கலாம். வேறு பல திட்டங்களும் ஏறக்குறைய இந்த ஆறில்தான் தொடங்குகின்றன. ஒலி கற்ற அதே வாரத்தில் அதை வைத்துச் சொல் வாசிக்க முடிகிறதா, அதைத்தான் பார்க்க வேண்டும்.

தனித்தனி ஒலிகளில் தொடங்கிச் சேர்த்து வாசிக்கவைப்பது ஒரு வகை, சிந்தெடிக் ஃபோனிக்ஸ் என்பார்கள். முழுச் சொல்லைக் காட்டி அதிலிருந்து ஒலியைப் பிரித்துக் காட்டுவது அனலிட்டிக். வீட்டுக்கு நான் முதல் வகையைத்தான் சொல்வேன். 2000இல் அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு, ஒழுங்கான வரிசையில் சொல்லித்தரும் ஃபோனிக்ஸ் போகிற போக்கில் தொட்டுச்செல்வதைவிட நல்ல பலன் தருகிறது என்றது. 2006இல் இங்கிலாந்தில் ஜிம் ரோஸ் தலைமையில் வந்த அறிக்கை சிந்தெடிக் வகையையே பரிந்துரைத்தது. எனக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, அது நாலாவது படியில் வரும்.

3. கதைப்புத்தகத்தை வைத்து முடிவுசெய்யுங்கள், அட்டையை வைத்து அல்ல

அட்டைகள் எல்லாத் திட்டத்திலும் அழகாகத்தான் இருக்கும். வேறுபாடு தெரிவது கூடவே வரும் சிறிய வாசிப்புப் புத்தகங்களில். நாங்கள் இரண்டாவதாக எடுத்த திட்டத்தில் ஐந்தாறு ஒலிகள் முடிந்ததும் ஒரு புத்தகம் வந்தது. மூன்றாம் பக்கத்தில் யானைப் படம், கீழே எலிஃபன்ட் என்ற சொல். மகள் படத்தைப் பார்த்து "எலிஃபன்ட்!" என்றாள், நான் கைதட்டினேன். ஒரு வாரம் கழித்து அதே சொல்லை வெறும் தாளில் எழுதிக் காட்டினேன். தாளைப் பார்த்தாள், பிறகு தாளின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். படத்தைத் தேடியிருக்கிறாள். அவள் அதுவரை வாசிக்கவே இல்லை, ஊகித்துக்கொண்டிருந்தாள், ஊகிக்கப் பழக்கியதும் அந்தப் புத்தகம்தான்.

அதனால் வாங்குவதற்கு முன் முதல் புத்தகத்தின் மாதிரிப் பக்கங்களைத் தேடி எடுத்து, படத்தை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகப் பாருங்கள். அதுவரை சொல்லிக்கொடுத்த ஒலிகளை மட்டும் வைத்து இதை வாசிக்க முடியுமா? ஏறக்குறைய எல்லாச் சொல்லுக்கும் ஆம் என்று வந்தால் நல்லது. இவற்றை டீகோடபிள் புத்தகங்கள் என்பார்கள். கதை சப்பென்றுதான் இருக்கும், யாரோ உட்காருவார், ஏதோ விழும், முடிந்துவிடும். பரவாயில்லை. நல்ல கதைகளை நீங்கள் மடியில் வைத்து வாசித்துக் காட்டுங்கள், இந்தப் புத்தகம் குழந்தை தானாக வாசிக்க. "படத்தைப் பார்த்து என்ன சொல்லாக இருக்கும் என்று யோசி" என்று பெற்றோருக்கான குறிப்பில் எங்காவது இருந்தால் அந்தத் திட்டம் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

ஒலிக்கு அடங்காத சில சொற்கள் எந்தத் திட்டத்திலும் வரும், 'சொன்னான்' என்ற பொருளில் வரும் செட் மாதிரி. அதை முழுசாக மனப்பாடம் செய்யச் சொல்லாதீர்கள். முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் ஒழுங்காகத்தான் ஒலிக்கின்றன, நடுவில் உள்ள ஏ, ஐ இரண்டும்தான் முரண்டுபிடிக்கின்றன. அந்த இடத்துக்கு அடியில் மட்டும் ஒரு கோடு போட்டால் போதும்.

4. புள்ளி

எங்களுக்கு மாதக்கணக்கில் முட்டுக்கட்டையாக இருந்தது இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

மகளுக்கு எல்லா ஒலியும் தெரியும். அட்டையைக் காட்டினால் டக்கென்று சொல்வாள். மூன்று அட்டையை வரிசையாக வைத்து வாசிக்கச் சொன்னால், "ப... இ... ன..." என்பாள். வேகமாகச் சொல் என்றால் "பஇன" என்பாள். அப்புறம் தலையை நிமிர்த்தி, "பஇனன்னா என்னம்மா?" என்று கேட்பாள். பின் என்ற சொல் அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அவள் வாயிலிருந்து வந்த ஒலிகளில் பின் இல்லை. நானும் "இன்னும் வேகமாச் சொல்லு, இன்னும் வேகமா" என்று அவளைப் படுத்தியிருக்கிறேன், இன்றைக்கும் அது எனக்கு வருத்தம்தான்.

தவறு அவளுடையது இல்லை. அவளுக்கு ஒலியைச் சொல்லிக்கொடுத்தது நான், நான் ப் என்பதற்குப் பதிலாக ப என்று சொல்லிக்கொடுத்திருந்தேன். எங்கள் முதல் திட்டத்தின் ஒலிப்பதிவிலும் அப்படித்தான் இருந்தது, ஒவ்வொரு மெய்க்கும் பின்னால் ஒரு அகரம் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்களுக்கு இதை விளக்குவது கஷ்டம், தமிழ் படித்த நமக்கு ஒரே சொல்லில் முடிந்துவிடும்: புள்ளி வைத்துச் சொல்லுங்கள். ப இல்லை, ப். ன இல்லை, ன். ம என்று வாய் திறக்கக் கூடாது, உதடு மூடியபடி ம்ம்ம்.

ஆகவே திட்டத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஒலிப்பதிவைக் கேட்டே ஆக வேண்டும். எஸ் எழுத்துக்கு ஸ்ஸ்ஸ் என்று வருகிறதா, ஸ என்று வருகிறதா? பி, டி போன்ற எழுத்துகளை நீட்ட முடியாது, அவற்றில் ஒரு பொட்டு அகரம் ஒட்டத்தான் செய்யும், அதை மன்னித்துவிடலாம். ஆனால் ம், ஸ், ன், ஃப் நான்கிலும் அகரம் கேட்டால் அந்த ஒலிப்பதிவு உதவாது.

சேர்த்து வாசிப்பதற்கும் தமிழ்ப் பாடமே கைகொடுத்தது. மூன்று ஒலியையும் தனித்தனியாகச் சொல்லிக் கடைசியில் ஒட்டவைக்க வேண்டும் என்றுதான் பல திட்டங்களில் இருக்கிறது. சின்னக் குழந்தை மூன்றாவது ஒலிக்கு வருவதற்குள் முதல் ஒலியை மறந்துவிடுகிறது. நாங்கள் இரண்டு இரண்டாகச் சேர்த்தோம். முதல் இரண்டு அட்டைகளை ஒட்டவைத்து, ப் + இ = பி. மெய்யும் உயிரும் சேர்ந்தால் உயிர்மெய், நாம் எல்லாரும் படித்ததுதான். சிந்தெடிக் வகைக்கு இன்னொரு காரணம் இருக்கிறது என்றேனே, அது இதுதான். மூன்றாவது அட்டையைக் கொஞ்சம் தள்ளி வைத்திருப்பேன். அவள் "பி" என்று சொன்னதும் அதை விரலால் மெல்லத் தள்ளிக்கொண்டு வந்து ஒட்டுவேன். "பி... ன். பின்!" என்று அவள் முதல்முறை கத்தியபோது அட்டைகள் பறந்தே போயின.

முதல் சொற்களுக்கு நீட்டக்கூடிய ஒலியில் தொடங்கும் சொற்களையே எடுங்கள். ஸிட் என்றால் ஸ்ஸ்ஸ்இஇஇ என்று மூச்சு விடாமல் வழுக்கிக்கொண்டு போகலாம். ஸன், நிப், மிக்ஸ் எல்லாம் நல்லவை. பின், டின் அடுத்த வாரத்துக்கு இருக்கட்டும். நான் பின்னில் தொடங்கியது பாதித் தவறு.

5. இரண்டு வாரம் ஓட்டிப் பாருங்கள்

முழுத் தொகுப்பையும் முதலிலேயே வாங்காதீர்கள். இலவச மாதிரிப் பாடங்களை எடுத்து, ஒரு நாளைக்குப் பத்து நிமிடம், அதற்கு மேல் வேண்டாம், குழந்தை கேட்டாலும் அடுத்த நாளைக்கு மிச்சம் வையுங்கள். இரண்டு வாரம் முடிந்ததும், பாடத்தில் இல்லாத ஒரு சொல்லை, அதே ஒலிகளை வைத்து, நீங்களே எழுதிக் காட்டுங்கள். வாசித்தால் திட்டம் வேலை செய்கிறது. ஒலிகளைச் சரியாகச் சொல்லியும் சேர்க்க முடியவில்லை என்றால் திட்டத்தை மாற்றாதீர்கள், நாலாவது படிக்குத் திரும்புங்கள். நான் முதல் திட்டத்தை விட்டது இந்த இடத்தில்தான். ஒலிப்பதிவை மட்டும் ஒதுக்கிவிட்டு நானே புள்ளி வைத்துச் சொல்லியிருந்தால் அதிலேயே தொடர்ந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

கருவிகள் பற்றி ஒரு வார்த்தை. எனக்குச் செயலிகளைவிடக் காந்த எழுத்துகளும் கையால் வெட்டிய அட்டைகளும்தான் பிடிக்கும். செயலியில் எழுத்தைத் தொட்டதும் அதுவே ஒலியைச் சொல்லிவிடுகிறது, குழந்தையின் வாய்க்கு வேலையே இல்லை. அட்டை சும்மா இருக்கும், அதனால் குழந்தை பேச வேண்டியிருக்கிறது. பெற்றோர் சரியான ஒலியைக் கேட்டுப் பழகிக்கொள்ளச் செயலியை வைத்துக்கொள்ளுங்கள், குழந்தை தூங்கிய பிறகு. எழுத்துகள் எல்லாம் சிறிய எழுத்துகளாக இருக்கட்டும், பெரிய எழுத்துகள் மட்டும் உள்ள பெட்டியை வாங்காதீர்கள்.

பின்சேர்க்கை: பின்னூட்டங்களில் வந்தவை

முதலில் இந்தப் பதிவில், அட்டையில் மெய் எழுத்துகளின் தலையில் பென்சிலால் புள்ளி வையுங்கள் என்று எழுதியிருந்தேன். எங்கள் வீட்டில் அது நன்றாக வேலை செய்தது. ஆனால் ஒரு வாசகர், தன் மகன் சிறிய ஐ எழுத்தின் தலையில் இருக்கும் புள்ளியைப் பார்த்து அதையும் மெய் என்று நினைத்துக்கொண்டான் என்று எழுதினார். தமிழில் புள்ளி பழகிய குழந்தை அப்படி நினைப்பது நியாயம்தானே. அந்த வரியை எடுத்துவிட்டேன். புள்ளியை அட்டையின் பின்பக்கத்தில், உங்களுக்கு மட்டும் தெரிகிற மாதிரி, ப், ன், ட் என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது, இன்னொருவர் சொல்லித்தான் கவனித்தேன். தமிழில் ப் ஒன்றுதான், ஆங்கிலத்தில் ஊசியான பின்னுக்கு ஓர் எழுத்து, குப்பைத்தொட்டியான பின்னுக்கு வேறு எழுத்து. ட், க் இரண்டுக்கும் இதே கதை. பின்பக்கத்தில் தமிழில் எழுதினால் இரண்டு அட்டையும் ஒன்றாகிவிடும். அதனால் மென்மையான ஒலிக்கு, அதாவது குப்பைத்தொட்டிப் பின்னின் ஒலிக்கு, அடியில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். குழந்தைக்கு வேறுபாட்டைக் காட்ட, ஒரு மெல்லிய காகிதத் துண்டை அதன் உதட்டுக்கு முன்னால் பிடியுங்கள். ஊசிப் பின்னை ஆங்கிலக்காரர் மாதிரிக் காற்றை விட்டுச் சொன்னால் காகிதம் ஆடும், குப்பைத்தொட்டிப் பின்னுக்கு ஏறக்குறைய ஆடாது. என் மகள் ஒரு மாலை முழுக்க இதையே செய்துகொண்டிருந்தாள். பேட், மேப் போன்ற சொற்களின் நடுவில் வரும் உயிரொலிக்குத் தமிழில் எழுத்தே கிடையாது, அதை எழுதிவைக்காமல் கேட்டே பழகுங்கள்.

இரண்டு எழுத்து சேர்ந்து ஒரே ஒலி தரும் பாடத்தில், ஷிப்பின் முதல் ஒலி மாதிரி, குழந்தை திகைக்கிறது என்று பலர் எழுதியிருந்தீர்கள். தமிழ் எழுத்து தெரிந்த குழந்தை என்றால் ஃபோனிக்ஸ் என்று தமிழில் எழுதிக் காட்டுங்கள். ஆய்தமும் பகரமும் சேர்ந்து வேறோர் ஒலி ஆகின்றன, அதையே ஆங்கிலத்தில் எழுதினாலும் முதல் இரண்டு எழுத்து சேர்ந்து அதே ஒலிதான்.

கடைசியாக, குழந்தை உண்மையிலேயே வாசிக்கிறதா, பார்த்த ஞாபகத்தில் சொல்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டவர்களுக்கு: பொருளே இல்லாத சொற்களை எழுதிக் காட்டுங்கள். நிஸ், டிம்ப், மிப் மாதிரி. இங்கிலாந்தில் 2012 முதல் பள்ளிகளில் நடத்தும் ஃபோனிக்ஸ் சோதனையில் இருக்கும் 40 சொற்களில் 20 இப்படிப்பட்டவைதான். அவை வேற்றுலகப் பிராணிகளின் பெயர்கள் என்று சொல்லி, பக்கத்தில் ஒரு பிராணியை வரைந்துவிடுங்கள். எங்கள் வீட்டில் மிப்புக்கு மூன்று கண்.