முதல் நீராவி எஞ்சின்: நெருப்பு வைக்கறதுக்கு முன்னாடியே பாதி வேலை முடிஞ்சிடணும்

நிஜமா ஸ்டீம்ல ஓடற குட்டி ரயில் எஞ்சினை வீட்லயே முதல் தடவை செய்றவங்க மூணரை இஞ்ச் கேஜ்ல, நாலு சக்கரம் ரெண்டு சிலிண்டர் வச்ச சின்ன டாங்க் எஞ்சினா (தண்ணித் தொட்டி எஞ்சின் மேலயே இருக்கும்) எடுத்துக்கோங்க. தண்டவாளத்துக்கு நடுவுல 89 மில்லிமீட்டர்தான், ஆனா நிலக்கரி போட்டு ஓட்டினா ஒரு ஆளையே உக்கார வச்சு இழுத்துரும்.

ஃப்ரேம் தகடு ரெண்டையும் ஒண்ணா போல்ட் போட்டு முடுக்கி ஒரே தடவைல துளை போட்டுருங்க. அடுத்து சக்கரம், இங்கதான் நிதானம் வேணும். ரெண்டு பக்கத்து கிராங்குக்கும், அதாவது பிஸ்டன் தள்றதை வாங்கி சக்கரத்தை சுத்தற கைக்கும், 90 டிகிரி வித்தியாசம் இருக்கணும், ஒரு பிஸ்டன் முனைல போய் நின்னுட்டாலும் இன்னொண்ணு தள்ளும்ல, அதுக்குத்தான். அந்த கோணம் ரெண்டு ஆக்சில்லயும் அச்சு அசலா ஒண்ணா இருக்கணும், இல்லேன்னா முன் சக்கரத்தையும் பின் சக்கரத்தையும் இணைக்கற கப்ளிங் ராட் ஒவ்வொரு சுத்துலயும் ஒரே இடத்துல பிடிக்கும். எனக்கு அப்படித்தான் ஆச்சு, ராட் ஓட்டைய அரத்தால ராவி பெருசாக்கிப் பாத்தேன், கடகடன்னு ஆடுச்சே தவிர பிடிப்பு போகல, கடைசில சக்கரத்தையே கழட்டி திரும்ப மாட்டினேன்.

பாய்லர் செம்புல, வெள்ளி கலந்த சில்வர் சோல்டர்ல பத்தவச்சு மட்டும். ஈயப்பத்து 200 டிகிரி கிட்டயே இளகிரும், அத நம்பி நெருப்பு வைக்கவே கூடாது. 80 பிஎஸ்ஐ அழுத்தத்துல ஓட்டப் போறீங்கன்னா காத்தே இல்லாம தண்ணிய நிரப்பி கைப்பம்புல 160 வரைக்கும் ஏத்துங்க, பிரஷர் கேஜ் முள் அசையாம நிக்கணும். தண்ணின்னா எங்கயாச்சும் விட்டாலும் சொட்டும், அவ்ளோதான், காத்தடிச்சு டெஸ்ட் பண்றப்ப விட்டுச்சுன்னா வெடிச்சிரும்.

அப்புறம் எஞ்சினை கட்டை மேல தூக்கி வச்சு, எல்லா இடத்துலயும் எண்ணெய் விட்டு, கம்ப்ரஸர் காத்து 20, 30 பிஎஸ்ஐ குடுங்க. ஒரு சுத்துக்கு நாலு புஸ், நாலும் ஒரே இடைவெளில கேக்கணும், நொண்டினா சிலிண்டருக்கு ஸ்டீம் விடற வால்வை திருத்திட்டுத்தான் அடுத்த வேலை.

நெருப்பு வைக்கற அன்னிக்கு பாய்லர் தண்ணி மட்டம் காட்டற கண்ணாடிக் குழாய்ல முக்கால்வாசி தண்ணி, சிலிண்டருக்கு எண்ணெய் விடற லூப்ரிகேட்டர்ல கெட்டியான ஸ்டீம் ஆயில். மண்ணெண்ணெய்ல ஊறின அடுப்புக்கரிய பத்த வச்சு, புகைபோக்கி மேல சின்ன ஃபேன் வச்சு இழுக்க விடுங்க, ஸ்டீம் வந்ததும், அதை புகைபோக்கிக்குள்ள பீச்சற ப்ளோயர் அந்த வேலைய பாத்துக்கும், அப்பறம் நிலக்கரி போடலாம். சேஃப்டி வால்வு தானா தூக்குதான்னு பாக்காம நகத்தாதீங்க. சிலிண்டர் தண்ணிய வெளிய விடற 'டிரெய்ன் காக்' குழாயை திறந்து வச்சே, ஸ்டீமை சிலிண்டருக்கு விடற ரெகுலேட்டரை மெதுவா திறங்க, சிலிண்டர்ல நிக்கற தண்ணி அமுங்காது, மூடியையே பேத்துரும். முதல்ல புகைபோக்கிலேர்ந்து கறுப்பு எண்ணெய்த் தண்ணி சட்டையெல்லாம் தெறிக்கும், ரெண்டு மூணு மீட்டர் போனதும் தெளிஞ்சு வெள்ளையா ஆவி வரும், அப்ப அந்த டிரெய்ன் காக் குழாயை மூடிக்கலாம். கண்ணாடில தண்ணி கண்ணுக்கே தெரியலேன்னா பம்ப் அடிச்சு தண்ணி ஏத்தாதீங்க, உடனே நெருப்பைக் கீழ தள்ளிருங்க.