வீட்டுத் தோட்டத்தில் சூரியகாந்தி: விதை போடும் முன் கிழக்கு எது என்று பாருங்கள்

முதல் ஆண்டு நான் வைத்த பன்னிரண்டு சூரியகாந்திச் செடிகளும் நன்றாகவே வந்தன. ஆளுயரம் தாண்டி வளர்ந்து, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பூத்தன. ஆனால் வீட்டுக்குள்ளிருந்து பார்த்தால் பன்னிரண்டு பச்சை முதுகுகள்தான் தெரிந்தன. சமையலறை ஜன்னலுக்கு நேரே, வீட்டுக்குக் கிழக்கே பாத்தி எடுத்திருந்தேன். பூக்கள் வீட்டுக்கு முதுகைக் காட்டி, சூரியன் உதிக்கும் பக்கத்தையே பார்த்து நின்றன. மூன்று மாதம் தண்ணீர் ஊற்றி வளர்த்தவளுக்கு அது பெரிய ஏமாற்றம். அதனால்தான் சூரியகாந்தி வளர்ப்பது எப்படி என்று யார் கேட்டாலும், மண்ணையும் உரத்தையும் பற்றிப் பேசும் முன் திசையைப் பற்றிச் சொல்கிறேன்.

சூரியகாந்தி நாள் முழுவதும் சூரியனோடு சேர்ந்து திரும்பும் என்று நாம் கேட்டே வளர்ந்திருக்கிறோம். அப்படித் திரும்புவது இளஞ்செடி மட்டும்தான். பகலில் தண்டின் கிழக்குப் பக்கம் சற்று அதிகமாக நீள்கிறது. நுனி மேற்கே சாய்கிறது. இரவில் மேற்குப் பக்கம் நீண்டு, விடிவதற்குள் நுனி மறுபடி கிழக்கே வந்துவிடுகிறது. தண்டு நீள்வது நிற்கும்போது, அதாவது பூ விரியும் சமயத்தில், இந்த அசைவும் நின்றுவிடும். அதன்பின் பூ கிழக்கு நோக்கியே இருக்கும். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ஸ்டேசி ஹார்மர் குழுவினர் 2016-இல் வெளியிட்ட ஆய்வு, இதனால் செடிக்கு என்ன லாபம் என்பதையும் காட்டியது. கிழக்கு பார்த்த பூ காலையில் விரைவாகச் சூடேறுகிறது. தொட்டியோடு மேற்கே திருப்பி வைத்த பூக்களைவிட, அந்தக் காலை நேரத்தில் அதற்கு ஏறக்குறைய ஐந்து மடங்கு தேனீக்கள் வந்தன.

ஆகவே, நீங்கள் எங்கே உட்கார்ந்து பூவைப் பார்ப்பீர்களோ அந்த இடத்துக்கு மேற்கே பாத்தி இருக்கட்டும். அதற்காக வீட்டுச் சுவரை ஒட்டி வைத்துவிடாதீர்கள். காலை வெயில் முழுவதையும் வீட்டின் நிழல் விழுங்கிவிடும். என்னுடைய பாத்தி இப்போது மேற்கு வேலியோரம், வீட்டிலிருந்து இருபதடி தள்ளி இருக்கிறது. விடிந்து இரண்டு மணி நேரத்துக்குள் வீட்டின் நிழல் விலகிவிடுகிறது. ஆறு மணி நேர நேரடி வெயில் கட்டாயம். எட்டு மணி நேரம் கிடைத்தால் மிகவும் நல்லது. ஆறு மணி நேரத்துக்கும் குறைந்தால் தண்டு மெலிந்து, நீண்டு, வெளிச்சத்தைத் தேடிச் சாய்ந்துவிடும். உயர ரகம் போடுகிறவர்கள், அதன் நிழல் எந்தக் காய்கறிப் பாத்தியில் விழும் என்பதையும் ஒருமுறை யோசித்துக்கொள்ளுங்கள்.

எந்த ரகம்?

ஒற்றைத் தண்டில் ஒரே பூ பூக்கும் ரகம் ஒன்று. கிளைவிட்டுப் பல பூக்கள் தரும் ரகம் மற்றொன்று. விதை எடுக்க வேண்டும் என்றால் முதலாவது. வாரக்கணக்கில் தோட்டத்தில் நிறம் வேண்டும் என்றால் இரண்டாவது. தொட்டியில் வளர்ப்பவர்களுக்கு இரண்டு, மூன்றடியோடு நின்றுவிடும் குட்டை ரகங்கள் இருக்கின்றன. 'மாமத்' போன்ற ராட்சத ரகங்கள் பத்தடி தாண்டும். அவற்றைத் தொட்டியில் வைப்பது வேருக்குச் செய்யும் கொடுமை.

பூச்சாடிக்கென்றே மகரந்தம் இல்லாத ரகங்களும் விற்கிறார்கள். மேசை விரிப்பில் மஞ்சள் பொடி கொட்டாது என்பது அவற்றின் சிறப்பு. நான் அவற்றைப் போடுவதில்லை. காலையில் கால் நிறைய மஞ்சள் மகரந்தத்தோடு தேனீக்கள் பூவைவிட்டு எழுவதைப் பார்க்கத்தான் எனக்கு இந்தத் தோட்டமே. விதைப் பாக்கெட்டில் ஒட்டுரகம் என்று இருந்தால், அதிலிருந்து நீங்கள் எடுக்கும் விதை அடுத்த ஆண்டு அதே பூவைத் தராது. விதை சேமிக்கும் எண்ணம் உள்ளவர்கள் ஒட்டுரகமல்லாத, தலைமுறை தலைமுறையாக விதை எடுத்து வளர்க்கும் ரகத்தை வாங்குங்கள்.

மண்ணும் விதைப்பும்

சூரியகாந்திக்கு ஆணிவேர் உண்டு. அது நேராகக் கீழே போக விரும்பும். என் மண் இறுகிய களிமண். ஒன்றரை அடி ஆழம் கொத்தி, நன்கு மட்கிய உரத்தை குழிக்கு இரண்டு கை என்ற கணக்கில் கலந்துவிடுகிறேன். தண்ணீர் தேங்காமல் இருந்தால் மற்றபடி இந்தச் செடி மண்ணைப் பற்றி அதிகம் அலட்டிக்கொள்வதில்லை. உரத்தில்தான் கவனம் வேண்டும். மூன்றாம் ஆண்டு ஆசைப்பட்டுக் கோழி எருவை அள்ளிப் போட்டேன். இலைகள் முறம் போல விரிந்தன, பூ இரண்டு வாரம் தள்ளிப்போனது, முதல் பலத்த காற்றிலேயே நான்கு செடிகள் முறிந்து விழுந்தன. தழைச்சத்து மிஞ்சினால் இதுதான் நடக்கும். இப்போது பாத்தி தயாரிக்கும்போது போடும் மட்கிய உரத்தோடு சரி.

மண் சூடேறியபின் விதையுங்கள். உறைபனி விழும் ஊராக இருந்தால் கடைசிப் பனி கழிந்த பிறகு. விதையை ஓர் அங்குல ஆழத்தில், செடி எங்கே நிற்க வேண்டுமோ அதே இடத்தில் ஊன்றுங்கள். நாற்று விட்டு நடுவது இந்தச் செடிக்குப் பிடிக்காது. ஆணிவேர் ஒருமுறை மடங்கிவிட்டால் செடி கடைசிவரை குன்றியே நிற்கும். நத்தைத் தொல்லையால் வேறு வழியில்லை என்றால் காகிதக் கோப்பையில் முளைக்கவைத்து, இரண்டு மூன்று வாரத்துக்குள், கோப்பையின் அடியைக் கிழித்துவிட்டு அப்படியே மண்ணில் இறக்கிவிடுங்கள்.

உயர ரகத்துக்குக் குழிக்குக் குழி ஒன்றரை அடி, குட்டை ரகத்துக்கு ஓர் அடி. பூச்சாடிக்குச் சின்னப் பூ வேண்டும் என்கிறவர்கள் ஒற்றைத் தண்டு ரகத்தை அரையடி இடைவெளியில் நெருக்கிப் போடலாம்; நெருக்கம் கூடக் கூடப் பூ சிறுக்கும். குழிக்கு இரண்டு விதை போடுங்கள். தாங்குகுச்சி ஊன்றுவதாக இருந்தால் அன்றைக்கே ஊன்றிவிடுங்கள். செடி வளர்ந்தபின் குச்சியை அடித்து இறக்கினால் அது எந்த வேரைக் கிழிக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது.

ஒரு வாரம் முதல் பத்து நாளில் முளை வரும். சில முளைகள் விதைத் தோலைத் தொப்பி போல மாட்டிக்கொண்டு மேலே வரும். அதைப் பிடித்து இழுக்காதீர்கள், விதையிலைகளும் சேர்ந்து வந்துவிடும். இரண்டு துளி தண்ணீர் விட்டு நனைத்தால் மாலைக்குள் தானே கழன்றுவிடும்.

முளைத்தபின் வரும் முதல் இரண்டு வாரம்தான் மிக ஆபத்தான காலம். பறவைகளும் நத்தைகளும் இந்தப் பருவத்து முளையைத்தான் தேடி வரும். அடிப்பாகத்தை வெட்டி எடுத்த தண்ணீர் பாட்டிலை, மூடியைக் கழற்றிவிட்டு, முளைக்கு மேலே கவிழ்த்து மண்ணில் அழுத்திவிடுகிறேன். இலைகள் பாட்டிலின் பக்கங்களைத் தொட்டதும் எடுத்துவிட வேண்டும். நத்தைக்கு நான் கண்ட ஒரே உறுதியான வழி, இரவு ஒன்பது மணிக்குக் கைவிளக்கோடு போய்ப் பொறுக்குவது.

இரண்டு ஜோடி நிஜ இலைகள் வந்ததும் குழிக்கு ஒரு செடி மட்டும் விட்டு மற்றதைக் கலைத்துவிடுங்கள். பிடுங்க வேண்டாம், பக்கத்துச் செடியின் வேர் ஆடிவிடும். கத்தரிக்கோலால் மண்மட்டத்தில் நறுக்குங்கள். முளைத்த உயிரை வெட்ட மனம் வராமல் நானும் இரண்டு ஆண்டுகள் இரட்டையாகவே விட்டுப் பார்த்திருக்கிறேன். இரண்டும் ஒன்றையொன்று இளைக்கவைத்து, இரண்டிலும் கைப்பிடி அளவுப் பூதான் வந்தது.

ஒற்றைத் தண்டு ரகத்தில் ஒரு பூவின் வாழ்வு பத்து நாள், மிஞ்சினால் இரண்டு வாரம். எல்லா விதையையும் ஒரே நாளில் போட்டால் எல்லாம் ஒரே வாரத்தில் முடிந்துவிடும். இரண்டு வாரத்துக்கு ஒரு தவணையாக நான்கு முறை பிரித்துப் போடுங்கள்.

தண்ணீர்

முளைக்கும்வரை மேல்மண் ஈரம் காயக் கூடாது. அதன்பின் தினமும் தெளிப்பதைவிட வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை ஆழமாக ஊற்றுவது நல்லது. ஈரம் கீழே இருந்தால் வேரும் கீழே போகும். மொட்டுக் கட்டியது முதல் விதை பால்பிடிக்கும்வரை தண்ணீர் குறையவே கூடாது. உச்சி வெயிலில் இலைகள் துவண்டு தொங்குவதைப் பார்த்ததும் பூவாளியைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். பெரிய இலை உள்ள செடி அது, வெயிலில் துவளத்தான் செய்யும். சூரியன் இறங்கியபின் போய்ப் பாருங்கள். அப்போதும் தலை நிமிராமல் இருந்தால் மட்டும் தண்ணீர் கேட்கிறது என்று பொருள். இலைமேல் ஊற்றாமல் அடியில் ஊற்றினால் துரு நோய் குறையும்.

இடுப்பளவு வளர்ந்ததும் தண்டைச் சுற்றி மண் அணைத்துவிட்டு, பழைய பருத்தித் துணிக் கிழிசலால் குச்சியோடு தளர்வாகக் கட்டுங்கள். கயிறு தண்டை அறுக்கும். அசுவினி (சாறு உறிஞ்சும் சிறு பூச்சி) வந்தால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே உதிர்ந்துவிடும். பூவில் புழு தெரிந்தால் கையால் எடுத்துப் போடுங்கள். பூத்திருக்கும் நாட்களில் எந்த மருந்தும் தெளிக்காதீர்கள், வேப்பெண்ணெய் உட்பட. அந்தப் பூவில் அப்போது நம்மைவிட அதிக உரிமை தேனீக்களுக்கு இருக்கிறது.

பூத்தபின் தொடங்கும் வேலை

நாம் ஒரு பூ என்று சொல்வது உண்மையில் ஒரு பூங்கொத்து. ஓரத்து மஞ்சள் இதழ் ஒவ்வொன்றும் மலடான ஒரு பூ. நடுவட்டில் நூற்றுக்கணக்கான குறும்பூக்கள் இருக்கின்றன, பெரிய தலையில் ஆயிரத்துக்கும் மேல். விதை தருபவை அவைதான். ஓரத்திலிருந்து உள்நோக்கி, நாளுக்குச் சில வரிசைகளாக, ஒரு வாரத்துக்கு மேல் அவை மலர்ந்துகொண்டே போகும். இந்த நாட்களில் காலை நேரத்தில் பத்து நிமிடம் பக்கத்தில் நின்று பாருங்கள். அந்த வரிசைகள் இரண்டு பக்கமும் சுழலும் சுருள்களாக அமைந்திருக்கும். ஒரு படத்தை அச்செடுத்து, என் மகள் பேனாவால் குறித்துக் குறித்து எண்ணினாள்: ஒரு பக்கம் 34, மறுபக்கம் 55. பெரிய தலைகளில் 55-ம் 89-ம் வரும். முந்தைய இரண்டு எண்களைக் கூட்டினால் அடுத்தது வரும் பிபனாச்சி வரிசையின் எண்கள் அவை.

ஒவ்வொரு குறும்பூவிலும் முதலில் மகரந்தம் வெளிவரும். மறுநாள்தான் மகரந்தத்தை ஏற்கும் சூல்முடி விரியும். பல ரகங்களில் தன் மகரந்தம் தனக்கே உதவாது. தேனீ குறைவாக வரும் இடத்தில், அல்லது செடியே ஒன்றிரண்டுதான் என்றால், விதைகள் பொக்காகிவிடும். வெளியே கோடு போட்ட ஓடு, உள்ளே காற்று. அதற்குக் கைவைத்தியம் உண்டு. காலை பனி காய்ந்தபின் மெல்லிய துணியால் ஒரு பூவின் நடுவட்டை வருடி, அதே துணியால் அடுத்த பூவை வருடுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள், ஐந்தாறு முறை போதும்.

இதழ் வாடியதும் பலர் செடியைப் பிடுங்கிவிடுகிறார்கள். அவசரப்படாதீர்கள். உள்ளே விதை அப்போதுதான் நிறையத் தொடங்குகிறது. தலை கனத்துக் கவிழும். கவிழட்டும், மழைநீர் விதையில் தங்காது. இந்த நேரத்தில் மெல்லிய துணிப்பையோ வலைப்பையோ மாட்டிக் கழுத்தில் கட்டிவிடுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம். உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். எப்போது அறுப்பது என்பதைப் பூவின் முதுகு சொல்லும். பச்சை மாறி எலுமிச்சை மஞ்சளாகி, பிறகு பழுப்பேறும். அதற்கு மலர்ந்ததிலிருந்து ஒரு மாதம், ஒன்றரை மாதம் ஆகலாம். பழுப்புத் தொடங்கியதும் ஓர் அடித் தண்டோடு வெட்டி, காற்றோட்டமான நிழலில் தலைகீழாக இரண்டு மூன்று வாரம் தொங்கவிடுங்கள். பிறகு கட்டைவிரலால் ஓரத்திலிருந்து தேய்த்தாலே விதை பொலபொலவென்று உதிரும்.

மிகத் திரண்ட தலையின் ஓரத்து விதைகளை நான் விதைக்கென்று தனியே எடுத்து, இன்னும் ஒரு வாரம் காயவைத்துக் காகித உறையில் போட்டு, ரகமும் விதைத்த தேதியும் எழுதிவைக்கிறேன். வேலிக்கோடியில் இரண்டு தலைகளுக்குப் பை மாட்டுவதே இல்லை. அவை பறவைகளின் பங்கு.

தண்டை அடியோடு வெட்டி, வேரை மண்ணிலேயே மட்கவிடலாம். காய்ந்த தண்டு அவரைக் கொடிக்கு நல்ல பந்தல்கால். ஆனால் விதைத் தோலையும் இலைச் சருகையும் காய்கறி நாற்றுக்கு மூடாக்காகப் போடாதீர்கள். அவற்றில் இருக்கும் பொருட்கள் மற்ற விதைகளின் முளைப்பைத் தடுக்கும். பூஞ்சை நோய்கள் மண்ணில் தங்குவதால், ஒரே இடத்தில் அடுத்தடுத்து சூரியகாந்தி போடாமல் இருப்பதும் நல்லது. மேற்கு வேலியோரத்தை நான் மூன்று துண்டாகப் பிரித்து, ஆண்டுக்கு ஒரு துண்டில் சூரியகாந்தியும் மற்ற இரண்டில் காய்கறியுமாக மாற்றிப் போடுகிறேன். எந்தத் துண்டில் பூத்தாலும் வீட்டின் மேற்கு ஜன்னலிலிருந்து முகம் தெரிகிறது.