720720: பிள்ளைகள் சறுக்கும் இடங்கள்

கொழிஞ்சாம்பாறையில் சாயங்காலம் என்னிடம் கணக்குப் படிக்க வரும் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் இந்த எண்ணைக் கொடுக்கிறேன்: 7,20,720. ஒன்று முதல் பதினாறு வரை எதனால் வகுத்தாலும் மீதி வராத எண்களில் இதுதான் மிகச் சிறியது. இத்தனை தேங்காயைத் தோப்பில் குவித்து, ஏழேழாகவோ பதின்மூன்று பதின்மூன்றாகவோ கூறு போட்டாலும் ஒரு காய் மிஞ்சாது.

எழுதும்போதே முதல் தவறு நடந்துவிடுகிறது. லட்சக் கணக்கில் கமா போட்டதும் எண்ணின் அமைப்பு மறைந்துபோகிறது. கமாவை அழித்துவிட்டுப் பாருங்கள்: 720720. எழுநூற்று இருபது இரண்டு தடவை! மூன்று இலக்க எண் எதையும் அடுத்தடுத்து இருமுறை எழுதினால், அதை 1001-ஆல் பெருக்கியதாகத்தான் அர்த்தம். 1001 என்பது 7 × 11 × 13. சிரமமான மூன்று வகுத்தலும் ஒரே பார்வையில் முடிந்தது. கமா பணத்துக்கு இருக்கட்டும், காரணி தேடும்போது வேண்டாம்.

இந்த எண்ணை நீங்களே கண்டுபிடியுங்கள் என்றால், பலர் 1 முதல் 16 வரை வரிசையாகப் பெருக்க ஆரம்பிப்பார்கள். அது 20 லட்சம் கோடியைத் தாண்டிப் போகும். 16-க்குள்ளேயே 2, 4, 8 மூன்றும் அடங்கியிருக்கின்றன. ஒவ்வொரு பகா எண்ணுக்கும் 16-ஐத் தாண்டாத பெரிய அடுக்கு ஒன்று போதும்: 16 × 9 × 5 × 7 × 11 × 13.

அதிகம் பேர் விழுவது காரணிகளை எண்ணும்போதுதான். 16-இல் நான்கு 2, 9-இல் இரண்டு 3, மற்றவை ஒவ்வொன்று; ஆக அடுக்குகள் 4, 2, 1, 1, 1, 1. அவற்றைப் பெருக்கி ஒரு பெண் நோட்டை நீட்டினாள்.

"எட்டுதானுங்க சார்?"

"ஒண்ணுல இருந்து பதினாறு வரைக்குமே பதினாறு காரணி இருக்கே, கண்ணு?"

கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்துவிட்டு அவளே அடித்துத் திருத்தினாள். ஒரு காரணியை உண்டாக்கும்போது 2-ஐ நான்கு முறை வரை சேர்க்கலாம், சேர்க்காமலும் விடலாம். அந்தச் 'சேர்க்காமல் விடுவது' கணக்கில் விட்டுப்போகிறது. ஆக 2-க்கு ஐந்து வழி, 3-க்கு மூன்று, மற்ற நான்குக்கும் இரண்டிரண்டு: 5 × 3 × 2 × 2 × 2 × 2 = 240.

எண் பெரிதானால் காரணியும் கூடும் என்று நினைக்க வேண்டாம். இதைவிடப் பெரிய பத்து லட்சத்துக்கு 49 காரணிதான். 720720-க்குக் கீழே எந்த எண்ணுக்கும் 240 கிடையாது. இப்படித் தனக்கு முந்தைய எல்லா எண்களையும் காரணியில் மிஞ்சும் எண்களைப் பற்றித்தான், ஈரோட்டில் பிறந்த ராமானுஜன் 1915-இல் லண்டன் கணிதச் சங்கத்தின் இதழில் நீண்ட கட்டுரை எழுதினார். அதைச் சொல்லாமல் இந்தப் பாடத்தை நான் முடிப்பதே இல்லை.

இன்னொன்று: 12-ஆலும் 16-ஆலும் வகுபடுவதால் 192-ஆலும் வகுபடும் என்று எழுதிவிடாதீர்கள். 48 வரைதான் உறுதி. 32-ஆல் வகுத்தாலே பாதி மிஞ்சி 22522.5 வரும். பதினாறோடு எல்லாம் நின்றுவிட்டது என்பதும் தப்பு. 17-இல் மீதி 5 வருகிறது, 18-இல் மறுபடி மீதியில்லாமல் 40040.