பழைய மியாட்டாவுக்கு ஸ்பேர் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1989 பிப்ரவரியில் சிகாகோ மோட்டார் ஷோவில் மாஸ்டா ஒரு இரண்டு சீட் காரைக் காட்டியது. அமெரிக்காவில் அதற்கு மியாட்டா என்று பெயர், ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர், மற்ற ஊர்களில் எம்எக்ஸ்-5. முதல் தலைமுறை 1997 வரை வந்தது. பாகம் கிடைக்காத பழைய கார்கள் எத்தனையோ உண்டு. இது அந்த வகை இல்லை. ஒரே பாகத்துக்குப் பத்து கம்பெனி, பத்து விலை. காசு வீணாவதும் இதனால்தான். கையில் இருக்கும் காரில் உண்மையில் என்ன மாட்டியிருக்கிறது என்று பார்க்காமலே பலர் ஆர்டர் போட்டுவிடுகிறார்கள்.

ஆண்டை மட்டும் சொல்லிக் கேட்பது முதல் தவறு. முதலில் வந்தது 1.6 லிட்டர் என்ஜின், 1994 மாடலிலிருந்து 1.8. மாறியது என்ஜின் மட்டுமில்லை. முன் பிரேக் டிஸ்க் 235 மில்லிமீட்டரிலிருந்து 255 ஆனது, பின் டிஃபரென்ஷியல் (பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டி) பெரிதானது. 1.6-இன் டிஸ்க்கும் பேடும் 1.8-க்கு ஆகாது. பதிவுச் சான்றிதழில் இருக்கும் ஆண்டு, கார் தயாரான ஆண்டாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஜப்பானிலிருந்து செகண்ட் ஹேண்டாகப் போன கார்கள் பிரிட்டனில் நிறைய உண்டு. அவற்றில் இப்படிக் குழப்பம் வரும். அந்த ஜப்பான் கார்களின் சேஸிஸ் எண் என்ஏ6சிஇ என்று தொடங்கினால் 1.6, என்ஏ8சி என்றால் 1.8. அதுவும் தொழிற்சாலையை விட்டு வந்தபோது இருந்த நிலைதான். நடுவில் வந்த ஓனர் யாராவது 1.8-இன் பிரேக்கை 1.6-இல் ஏற்றியிருக்கலாம், இது சாதாரணமாக நடப்பது. சக்கரத்தைக் கழற்றி, டிஸ்க்கை அளந்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.

இதே 1.6-க்குள் இன்னொரு பிரிவு இருக்கிறது, அதைத் தவறவிட்டால் செலவு பெரிது. 1991-இன் நடுப்பகுதி வரை வந்த என்ஜின்களில் கிராங்க் ஷாஃப்டின் (பிஸ்டன்கள் சுழற்றும் முக்கியத் தண்டின்) முன்முனை குட்டை. புல்லியை இறுக்கும் போல்ட் கொஞ்சம் தளர்ந்தாலும், பல்சக்கரத்தைத் தண்டோடு பூட்டும் ‘கீ’ என்ற சின்ன இரும்புத் துண்டு உட்காரும் பள்ளம் தேயத் தொடங்கும். தேய்ந்தால் டைமிங், அதாவது வால்வு திறந்து மூடும் நேரம், தவறும், என்ஜின் இழுக்காது. பிறகு வந்தவற்றில் முனையை நீளமாக்கிவிட்டார்கள். எது உங்களுடையது என்று தெரிந்துகொள்ள என்ஜினைப் பிரிக்க வேண்டாம். முன்னால் இருக்கும் புல்லியின் நடுவில் பிளவுகளை எண்ணுங்கள்: நான்கு என்றால் குட்டை முனை, எட்டு என்றால் நீளம். இரண்டின் புல்லி பாகங்களும் கீழ்ப் பல்சக்கரமும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. குட்டை முனைக்காரர்கள் டைமிங் பெல்ட் (கிராங்கிலிருந்து வால்வுகளை இயக்கும் பெல்ட்) மாற்றும்போதெல்லாம் புது போல்ட் போட்டு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்க வேண்டும். பழைய போல்ட்டையே ஏர் கன்னால் அடித்து ஏற்றிவிடும் கடையில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

அடுத்தது, ஊகத்தில் பாகம் மாற்றுவது. என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் எண்ணெய் சொட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். கிராங்கின் பின் சீல் போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்கணும் என்பார்கள். சீலும் கிளட்ச் செட்டும் வாங்கியாகிவிடும். ஆனால் இந்தக் காரில் முதலில் பார்க்க வேண்டியது சிலிண்டர் ஹெட்டின் பின்பக்கம், ஃபயர்வாலை (என்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவில் உள்ள தடுப்பை) ஒட்டியிருக்கும் கேம் ஆங்கிள் சென்சாரை, அதாவது கேம் தண்டு எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று காட்டும் சென்சாரை. அதில் இருக்கும் ரப்பர் ஓ-ரிங் வருடக் கணக்கில் வெந்து கெட்டியாகிவிடும். எண்ணெய் அங்கிருந்து கசிந்து என்ஜினின் பின்பக்கமாக இறங்கும்போது, கீழிருந்து பார்ப்பவருக்கு அது பின் சீல் கசிவு போலவே தெரியும். ஓ-ரிங்கின் விலை அற்பம், கை நுழைவதுதான் கஷ்டம். கழற்றும் முன் சென்சார் இருந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்; அது திரும்பினால் இக்னிஷன் டைமிங்கும் மாறும்.

மேட்டில் ஏறும்போது என்ஜின் விக்கினாலும் இதே கதை. எடுத்தவுடன் தீப்பொறிக்கு மின்சாரம் தரும் காயில் பேக்கை மாற்றுவார்கள், அது விலை அதிகம். பெரும்பாலும் குற்றவாளி பிளக் வயர்தான். இந்த என்ஜினில் ஒரு காயில் இரண்டு சிலிண்டருக்குத் தீப்பொறி தருகிறது, 1-க்கும் 4-க்கும் ஒன்று, 2-க்கும் 3-க்கும் ஒன்று. ஒரு ஜோடி முழுக்க அடங்கினால் காயிலைச் சந்தேகிக்கலாம். ஒரே ஒரு சிலிண்டர் மட்டும் என்றால் வயர், பிளக், இன்ஜெக்டர் என்று வரிசையாகப் பாருங்கள்.

பாதி வேலை செய்வதும் காசைத் தின்னும். கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டர் (கியர்பாக்ஸ் பக்கம் கிளட்சைத் தள்ளும் சிலிண்டர்) இந்தக் காரில் அடிக்கடி போகும். அதை மட்டும் மாற்றினால், புது சீலின் அழுத்தம் தாங்காமல் பெடல் பக்கம் இருக்கும் பழைய மாஸ்டர் சிலிண்டர் சீக்கிரமே கசியத் தொடங்குவது உண்டு. இரண்டையும் நடுவில் உள்ள ஹோஸையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள். டைமிங் பெல்ட்டுக்கும் அப்படித்தான்: வாட்டர் பம்ப், டென்ஷனர், முன் சீல்கள் எல்லாம் ஒரே தடவையில். பெல்ட்டின் கணக்கு 60,000 மைல், அதாவது சுமார் ஒரு லட்சம் கிலோமீட்டர். குறைவாக ஓடும் காரில் கிலோமீட்டரை விட பெல்ட்டின் வயதுதான் முக்கியம். இந்த என்ஜின்களில் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதாது, வண்டி நடுரோட்டில் நிற்கும், அவ்வளவுதான். ஆனால் அந்தத் தைரியத்தைப் பக்கத்து வீட்டு போர்ஷே 944 மேல் காட்டாதீர்கள். அதில் பெல்ட் அறுந்தால் வால்வுகள் வளைந்துவிடும்.

அப்புறம் ‘அப்கிரேடு’ ஆசை. என் கருத்தில் இந்தக் காரை அதிகமாகக் கெடுத்தது துருவுக்கு அடுத்தபடியாக இதுதான். ஜப்பானில் வந்த ஆரம்பக் கார்களின் எடை 940 கிலோ. அந்த லேசான உடம்புக்குத்தான் சஸ்பென்ஷன் அமைத்தார்கள். பின்பக்கம் அசைய இடமே குறைவு. பழைய ஷாக் அப்சார்பரை வைத்துக்கொண்டு குட்டை ஸ்பிரிங் மட்டும் போட்டால், கார் பம்ப் ஸ்டாப் என்ற கடைசித் தடுப்பு ரப்பரின் மேலேயே உட்கார்ந்து ஓடும். சஸ்பென்ஷன் மூட்டுகளில் இருக்கும் புஷ்களில், கெட்டியான பாலியூரிதேன் வகை பந்தயத்துக்கு நல்லது. ரோட்டில் ஓட்டுபவருக்கு ரப்பர் போதும். ரப்பர் புஷ்ஷின் போல்ட்டுகளை, காரின் எடை சக்கரத்தில் இறங்கிய நிலையில்தான் கடைசியாக இறுக்க வேண்டும். ஜாக்கில் தொங்கவிட்டு இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுகிய நிலையில் இருந்து சீக்கிரம் கிழியும். ரேஸ் பிரேக் பேடும் வேண்டாம், சூடாகும் வரை அது சரியாகப் பிடிக்காது. 14 அங்குல வீலில் மாட்டும் 185/60 ஆர்14 டயருக்காக வடிவமைத்த காருக்கு 17 அங்குல வீல் எதற்கு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

மறுபக்கம், எல்லாமே கம்பெனி ஒரிஜினலாக இருக்க வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள். மாஸ்டாவே 2017-இல் ஜப்பானில் இந்தக் காருக்கு ரெஸ்டோரேஷன் சேவையை அறிவித்தது. சாஃப்ட் டாப் (மடிக்கும் துணிக் கூரை), நார்டி கம்பெனியின் மர ஸ்டியரிங் வீல் போன்றவற்றைத் திரும்பத் தயாரித்தது. அப்படிப் புதிதாகச் செய்தது என்றால் தாராளமாக வாங்கலாம். 1990-களில் செய்து பெட்டியில் கிடந்த ரப்பர் சீல், மாஸ்டா ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலும் பழைய ரப்பர்தான். டயரிலும் இதைப் பாருங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். செகண்ட் ஹேண்டில் சீட், கதவு, கியர்பாக்ஸ் வாங்கலாம். பிரேக் ஹோஸ், பெல்ட், ஏர்பேக் வேண்டவே வேண்டாம். ரேடியேட்டரின் மேல் பிளாஸ்டிக் பழுப்பாகிவிட்டதா? வெடிப்பு வரும்வரை காத்திருக்காமல் மாற்றிவிடுங்கள்.

கடைசியாக பேட்டரி. சின்ன விஷயம் என்று நினைத்து, கடையில் இருப்பதில் அளவு சேருவதை வாங்கிப் போட்டுவிடுகிறார்கள். இந்தக் காரில் பேட்டரி டிக்கிக்குள் இருக்கிறது. கம்பெனி போட்டது சீல் செய்த ஏஜிஎம் வகை, ஆசிட்டைக் கண்ணாடி இழைப் பாயில் உறிஞ்சி வைத்திருப்பது. வரும் கொஞ்ச வாயுவும் குழாய் வழியாக வெளியே போய்விடும். சாதாரண ஆசிட் பேட்டரியைக் குழாய் இல்லாமல் வைத்தால், அந்த ஆவி டிக்கியின் இரும்பை அரித்துக்கொண்டே இருக்கும். கார் வாங்கப் போனால் அங்கே உள்ள கம்பளத்தைத் தூக்கிப் பாருங்கள். தகடு உரிந்திருந்தால் விலையைக் குறைத்துக் கேட்கலாம்.